மன்னிக்கப்பட்ட மகன்: அக்பர், சலீம், ஒரு கொலையின் கணக்கு

1602 ஆகஸ்டில், தக்காணத்திலிருந்து ஆக்ராவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த அபுல் ஃபஸல், குவாலியருக்குத் தெற்கே ஆந்தரி என்னும் ஊருக்கு அருகில் வழிமறித்துக் கொல்லப்பட்டார். கொன்றவர் ஓர்ச்சா அரச குடும்பத்தைச் சேர்ந்த வீர் சிங் தேவ் புந்தேலா. கொல்லச் சொன்னவர் பேரரசர் அக்பரின் மகன் சலீம். வெட்டப்பட்ட தலை அலகாபாத்தில் இருந்த சலீமுக்கு அனுப்பிவைக்கப்பட்டது. இவற்றில் எதையும் ஊகித்து அறிய வேண்டியதில்லை. பின்னாளில் ஜஹாங்கீர் என்னும் பெயரில் அரியணை ஏறிய சலீம், தம் நினைவுக்குறிப்பில் இக்கொலையைத் தாமே செய்வித்ததாக ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அபுல் ஃபஸல் தம்மீது பகைமை கொண்டவர், அவர் அரசவையை அடைந்திருந்தால் தந்தைக்கும் தமக்கும் இடையிலான பிணக்கு தீராமலே போயிருக்கும் என்பது அவர் காட்டும் காரணம்.

அபுல் ஃபஸல் ஓர் அமைச்சர் மட்டுமல்லர். ‘அக்பர்நாமா’வையும் ‘ஆயின்-இ-அக்பரி’யையும் எழுதியவர், அக்பரின் ஆட்சிக் கொள்கைக்குச் சொல் வடிவம் தந்தவர், கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவருடைய அணுக்கத் தோழர். தைமூர் வழியினரிடையே இளவரசர் ஒருவர் இறந்தால் அச்செய்தியை வாயால் சொல்லும் வழக்கமில்லை; இறந்தவரின் முகவர் மணிக்கட்டில் நீலத்துணி கட்டிக்கொண்டு அரசர்முன் வந்து நிற்பார். அபுல் ஃபஸலின் முகவரும் அவ்வாறே வந்து நின்றார் என்று வரலாறுகள் கூறுகின்றன. ஓர் இளவரசருக்குரிய துக்கத்தை அவருக்கு அளித்த பேரரசர், அந்தத் துக்கத்திற்குக் காரணமான இளவரசரை என்ன செய்தார்?

சுருக்கமான விடை: ஏறத்தாழப் பத்து நாள் ஓர் அறையில் அடைத்துவைத்தார். அதுவும் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவும் இந்தக் கொலைக்காக அன்று. மூன்று ஆண்டுகளில் அந்த மகனே பேரரசர் ஆனார்.

பிள்ளைகளைத் தம் செயல்களின் விளைவிலிருந்து காக்கப் பெற்றோர் எவ்வளவு தூரம் செல்வார்கள் என்பது பொதுவாக அறவியலின் கேள்வியாகவோ உளவியலின் கேள்வியாகவோ பேசப்படுகிறது. முகலாய வரலாற்றில் அது ஒரு கணக்கியல் கேள்வியாகவும் எழுகிறது. தந்தை மன்னித்தபோது அச்செயலின் விளைவு மறைந்துபோனதா, இல்லை வேறு யாருடைய பற்றிலாவது எழுதப்பட்டதா?

அக்பரின் தந்தைமை எளிதில் கிட்டியதன்று. 1564இல் பிறந்த இரட்டையரான ஹசனும் ஹுசைனும் பச்சிளம் பருவத்திலேயே இறந்தனர். ஆண் வாரிசு வேண்டி அக்பர் சீக்ரி என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஷேக் சலீம் சிஷ்டியை நாடிச் சென்றார். 1569 ஆகஸ்டில் அங்கேயே மகன் பிறந்தான். அந்த ஞானியின் பெயரையே குழந்தைக்கு இட்டார். சீக்ரியில் புதிய தலைநகரை எழுப்பினார். நேர்த்திக்கடனாக 1570இன் தொடக்கத்தில் ஆக்ராவிலிருந்து அஜ்மீர் வரை கால்நடையாகவே சென்றார். தம் தந்தை தம்மைச் சலீம் என்று அழைத்ததே இல்லை, எப்போதும் ‘ஷேக்கு பாபா’ என்றே அழைப்பார் என்று ஜஹாங்கீர் நினைவுகூர்கிறார்.

1600இல் அக்பர் தக்காணத்தில் ஆசிர்கட் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, மேவாரை அடக்க அனுப்பப்பட்டிருந்த சலீம் அப்பணியைக் கைவிட்டு ஆக்ராவை நோக்கித் திரும்பினார். பேரனைச் சந்தித்து அறிவுரை கூறப் பாட்டி ஹமீதா பானு பேகம் புறப்பட்டார். அவரை எதிர்கொள்ள விரும்பாத சலீம் யமுனையில் படகேறி அலகாபாத் போய்ச் சேர்ந்தார். பீகார் கருவூலத்திலிருந்து 30 லட்சம் ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொண்டார். தம் ஆட்களுக்கு நிலங்களும் பட்டங்களும் வழங்கித் தனி அரசவையே நடத்தினார். 1602இல் பெரும் குதிரைப்படையுடன் இட்டாவா வரை முன்னேறினார். அக்பர் அவரைத் திரும்பிப் போகச் சொல்லி ஆணையிட்டார். கூடவே வங்காளம், ஒரிசா மாகாணங்களின் பொறுப்பையும் அளிக்க முன்வந்தார். சலீம் அங்கே செல்லவில்லை. கலகத்திற்கு மறுமொழியாகப் பதவி வழங்கப்பட்டது, அதுவும் ஏற்கப்படவில்லை.

இந்த நிலையில்தான் அக்பர் அபுல் ஃபஸலைத் தக்காணத்திலிருந்து அழைத்தார். கொலை நிகழ்ந்தது.

கொலைக்குப் பின் அக்பர் வாளாவிருக்கவில்லை. வீர் சிங் தேவைப் பிடிக்கப் படைகள் அனுப்பப்பட்டன. ஏரச் கோட்டையில் அவர் வளைக்கப்பட்டார். ஆயினும் இரவோடிரவாக மதிலைத் துளைத்து வெளியேறித் தப்பினார். கடுஞ்சினம் கொண்ட அக்பர், இந்தத் தப்புதலுக்கு யார் பொறுப்பு என்று கண்டறிய அபுல் ஃபஸலிடம் பணியாற்றியிருந்த அசத் பேக்கை அனுப்பினார். வேண்டுமென்றே தவறியவர் எவருமில்லை, எல்லாரும் கவனக்குறைவாக இருந்தனர் என்ற வகையில் அவருடைய முடிவு அமைந்தது. விசாரணை எதைப் பற்றியது என்பது இங்கே கவனத்திற்குரியது. கொலையாளி எவ்வாறு தப்பினான் என்பது விசாரிக்கப்பட்டது. அவனை ஏவியது யார் என்பது விசாரிக்கப்படவில்லை. பேரரசின் வலிமை முழுவதும் கருவியைத் துரத்திச் சென்றது. கருவியைப் பிடித்திருந்த கையின் திசையில் அது திரும்பவே இல்லை.

அந்தக் கையைத் தேடிச் சென்றது வேறொரு தூது. பாபரின் பேத்தியும், முதலில் பைராம் கானையும் பின்னர் அக்பரையும் மணந்தவருமான சலீமா சுல்தான் பேகம் அலகாபாத்துக்குப் பயணமானார். சலீம் அவருடைய வயிற்றில் பிறந்தவர் அல்லர். எனினும் அந்தக் குடும்பத்தில் சமாதானம் பேசும் உரிமை மூத்த பெண்களிடமே இருந்தது. 1603இல் அவர் சலீமை அழைத்துவந்தார். ஹமீதா பானு பேரனை முன்னிறுத்தினார். மகன் தந்தையின் காலில் விழுந்தார். அக்பர் தம் தலைப்பாகையைக் கழற்றி மகனின் தலையில் வைத்தார். வாரிசு யார் என்பதை அவையோருக்கு உணர்த்தும் செயல் அது. கொலை நடந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

மீண்டும் மேவாருக்குச் செல்லுமாறு சொல்லப்பட்டது. சலீம் ஃபதேபூர் சீக்ரி வரை சென்று, படை போதாது, பணம் போதாது என்று காலம் தாழ்த்தி, கடைசியில் அலகாபாத் திரும்ப அனுமதி பெற்றார். அங்கே மதுவும் அபினும் மிகுந்தன, கொடுமையும் மிகுந்தது. அவர் கண்முன்னே அரசின் செய்தி எழுதுநர் ஒருவர் உயிரோடு தோலுரிக்கப்பட்டார் என்று அக்காலப் பாரசீக வரலாறு ஒன்று பதிவுசெய்கிறது. ஓர் ஆட்டைத் தோலுரிப்பதைக்கூடத் தம்மால் பார்க்க இயலாதே என்று அக்பர் மனம் நொந்ததாகவும் அப்பதிவு சொல்கிறது.

1604 ஆகஸ்டில் அக்பர் அலகாபாத்தை நோக்கித் தாமே புறப்பட்டார். படகு மணல்திட்டில் சிக்கியது, பெருமழை பிடித்துக்கொண்டது, இப்பயணத்தைத் தொடக்கம் முதலே விரும்பாத ஹமீதா பானு நோயுற்றார். அக்பர் திரும்பினார். சில நாள்களில் தாய் மறைந்தார். துக்கம் கேட்கும் முகமாக அவ்வாண்டு நவம்பரில் சலீம் ஆக்ரா வந்தார். அவையில் அன்போடு வரவேற்ற அக்பர், உள்ளறைக்கு அழைத்துச் சென்று மகனை அறைந்தார், கடிந்துகொண்டார், மருத்துவர் ஒருவரின் பொறுப்பில் அடைத்துவைத்து மதுவையும் அபினையும் நிறுத்தினார். பத்து நாளளவில் அரண்மனைப் பெண்டிரின் வேண்டுகோளுக்கு இணங்கி விடுவித்தார். கலகக்காரனுக்கோ கொலை செய்வித்தவனுக்கோ தரப்படும் தண்டனை இப்படி இருப்பதில்லை. குடிப்பழக்கத்தில் வீழ்ந்த மகனுக்கு ஒரு தந்தை செய்யும் மருத்துவமே இப்படி இருக்கும். சலீமோடு இருந்த முக்கியக் கூட்டாளிகளுக்குக் கிடைத்தது சிறை. குற்றத்தின் அளவு அன்று, பிறப்பின் இடமே தண்டனையைத் தீர்மானித்தது.

இதைப் பாசம் என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட முடியாது என்று வரலாற்று மாணவர்கள் மறுக்கலாம். அந்த மறுப்பு நியாயமானதே. முகலாயரிடம் மூத்த மகனுக்கே அரியணை என்ற விதி இல்லை. அக்பரின் இரண்டாம் மகன் முராத் 1599இல் குடியால் மாண்டார். மூன்றாம் மகன் தானியாலும் 1605இல் அதே வழியில் போனார். எஞ்சியவர் சலீம் ஒருவரே. அவரை ஒதுக்கினால் அடுத்து நிற்பவர் சலீமின் மகன் குஸ்ரு. குஸ்ருவுக்குத் தாய்மாமன் ராஜா மான் சிங். மாமனார் மிர்சா அஜீஸ் கோகா. பேரரசின் இரு பெரும் பிரபுக்கள் பின்னால் நிற்க, தந்தையும் மகனும் மோதும் உள்நாட்டுப் போர் வெடித்திருக்கும். அந்த அச்சத்திற்குக் குடும்ப நினைவும் வலுச்சேர்த்திருக்கும். உடன்பிறந்தோரைத் துன்புறுத்தாதே என்பது பாபர் ஹுமாயூனுக்கு விட்டுச்சென்ற அறிவுரை. அதற்குக் கட்டுப்பட்டுத் தம்பி கம்ரானைப் பலமுறை மன்னித்த ஹுமாயூன், இறுதியில் பிரபுக்களின் வற்புறுத்தலால் 1553இல் அவருடைய கண்களைப் பறிக்க நேர்ந்தது. மன்னிப்பு எங்கே முடியக்கூடும் என்பதை அக்பர் அறிவார். தண்டனை எங்கே தொடங்கக்கூடும் என்பதையும் அறிவார்.

ஆகவே அக்பரின் மன்னிப்பில் எத்தனை பங்கு பாசம், எத்தனை பங்கு அரசியல் என்று பிரித்தெடுப்பது இயலாத செயல். ஆனால் அந்த மன்னிப்பு எந்த மொழியில் நியாயப்படுத்தப்பட்டது என்பதைப் பார்க்க இயலும். ஆட்சிக் குறிப்புகள் சலீமின் கலகத்தைப் பேசும்போது பழி பெரும்பாலும் அவரைச் சுற்றியிருந்தோர்மீதே விழுகிறது: தீய நண்பர்கள் தூண்டினர், முகத்துதி செய்வோர் மனத்தைக் கெடுத்தனர். கலகம் தொடங்கியபோது சலீமுக்கு வயது 31. பல பிள்ளைகளுக்குத் தந்தை. ஆயினும் அந்த வாக்கியங்களில் அவர் செய்பவராக இல்லை, செய்யப்பட்டவராகவே நிற்கிறார். எழுவாயாக வேண்டியவர் செயப்படுபொருளாக மாற்றப்படுகிறார். ‘என் பிள்ளை நல்லவன், சேர்க்கை சரியில்லை’ என்று இன்றும் வீடுதோறும் கேட்கும் வாக்கியத்தின் அரசவை வடிவம் அது.

அந்த வாக்கியம் தன்னளவில் யாரையும் காப்பதில்லை என்பது அடுத்த தலைமுறையில் தெரிந்தது. அக்பர் 1605 அக்டோபரில் மறைந்தார். மரணப் படுக்கையிலும் சலீமுக்கே தலைப்பாகையையும் ஹுமாயூனின் வாளையும் அணியுமாறு சைகை காட்டினார் என்பது அக்காலக் குறிப்பு. ஆறு மாதம் கழியுமுன், 1606 ஏப்ரலில், சிக்கந்தராவில் உள்ள பாட்டனாரின் கல்லறையை வணங்கச் செல்வதாகக் கூறி வெளியேறிய குஸ்ரு, பஞ்சாபை நோக்கிக் குதிரையை விட்டார். வயது 18. இதைப் பதிவுசெய்யும் ஜஹாங்கீரின் சொற்களும் பழகிய சொற்களே: இளமையின் செருக்கு, அனுபவமின்மை, தீய நண்பர்களின் தூண்டுதல். விளக்கம் ஒன்றே, விளைவு வேறு. சில வாரங்களில் குஸ்ரு தோற்றார். செனாப் ஆற்றைக் கடக்க முயன்றபோது பிடிபட்டார். விலங்கிட்டுத் தந்தைமுன் நிறுத்தப்பட்டார். லாகூருக்கு வெளியே சாலையின் இருபுறமும் அவருடைய ஆதரவாளர்கள் கழுவேற்றப்பட்டனர். அந்த வரிசைகளின் நடுவே குஸ்ரு யானைமீது அழைத்துச் செல்லப்பட்டார். குஸ்ருவுக்கு ஆசி அளித்தார் என்பதும் ஒரு குற்றச்சாட்டாக வைக்கப்பட்டு, சீக்கியரின் ஐந்தாம் குரு அர்ஜன் அவ்வாண்டே லாகூரில் உயிர்நீத்தார். 1607இல் மற்றொரு சதி வெளிப்பட்டதையடுத்துக் குஸ்ருவின் பார்வை பறிக்கப்பட்டது. ஒரு கண்ணில் ஓரளவு பார்வை மீண்டதாகச் சில பதிவுகள் உண்டு, விடுதலை மீளவில்லை.

குஸ்ரு பெற்ற பாடம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. 13 வயது முதல் அவர் கண்டது, தந்தைக்கு எதிராகப் படை திரட்டிய ஒரு மகனுக்கு இறுதியில் தலைப்பாகை கிடைத்ததைத்தான். அந்தப் பாடத்திலிருந்து அவரை மீட்க முயன்ற ஒருவர் இருந்தார்: அவருடைய தாய் ஷா பேகம், மான் சிங்கின் உடன்பிறந்தவர். தந்தைக்கு உண்மையாக இரு என்று மகனுக்கு அவர் ஓயாது எழுதிக்கொண்டிருந்ததாக ஜஹாங்கீர் சொல்கிறார். மகனின் போக்கும் உடன்பிறந்தான் ஒருவனின் நடத்தையும் தந்த வேதனையில், அக்பர் உயிரோடு இருந்தபோதே, அலகாபாத்தில் அபினை உண்டு அவர் உயிர்விட்டார். அக்பர் தம் மகனை விளைவுகளிலிருந்து காத்தார். ஷா பேகம் தம் மகனை அந்தச் செயலிலிருந்தே காக்க முயன்றார். முன்னதற்கு அதிகாரம் போதும். பின்னதற்கு மகனின் செவி வேண்டும். அது அவருக்குக் கிடைக்கவில்லை.

1602இன் கணக்கை இப்போது கூட்டிப் பார்க்கலாம். வீர் சிங் தேவ் புதிய பேரரசரிடம் உயர்பதவி பெற்று ஓர்ச்சாவின் அரசரானார்; ஓர்ச்சாவிலும் ததியாவிலும் இன்று பயணிகள் வியந்து பார்க்கும் அரண்மனைகள் அவர் காலத்தவை. கொல்லப்பட்டவர் எழுதிவந்த ‘அக்பர்நாமா’ 1602இன் தொடக்கத்தோடு நின்றுபோயிற்று. அக்பரின் இறுதி ஆண்டுகளை வேறு கைகள் எழுத வேண்டியதாயிற்று. அபுல் ஃபஸலின் மகன் அப்துர் ரகுமான், தந்தையைக் கொல்வித்தவரிடமே அஃப்சல் கான் என்னும் பட்டம் பெற்றுப் பீகார் ஆளுநரானார். 1610இல் தன்னைக் குஸ்ரு என்று சொல்லிக்கொண்ட ஒருவன் பாட்னாக் கோட்டையைக் கைப்பற்றியபோது, அதை அடக்கும் பொறுப்பும் அவர்மீதே விழுந்தது.

அரியணை ஏறிய ஜஹாங்கீரின் முதல் ஆணை நீதிச் சங்கிலி அமைப்பதாக இருந்தது. ஆக்ரா கோட்டையிலிருந்து யமுனைக் கரைத் தூண் வரை 60 மணிகள் கோத்த பொற்சங்கிலி; அநீதிக்கு ஆளானவர் எவரும் அதை இழுத்து நேரே அரசரிடம் முறையிடலாம். ஆராய்ச்சி மணியின் கதையைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. பசுவின் முறையீட்டுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனின் கதை அது. அக்கதையைக் கேட்போர் மன்னனின் நேர்மையை வியப்பர். அந்த மகனை எண்ணி நடுங்கவும் செய்வர். அக்பர் அந்த மன்னன் ஆக மறுத்தார். அதற்காக அவரைக் குறைசொல்வது எளிதன்று. ஆனால் ஆக்ராவின் சங்கிலியை அப்துர் ரகுமான் இழுத்திருந்தால் அது யாரை அழைத்திருக்கும்?

கணக்கு அங்கும் முடியவில்லை. 1620இல் தக்காணப் போருக்குச் செல்லுமுன் இளவரசர் குர்ரம், அண்ணன் குஸ்ருவைத் தம் காவலில் ஒப்படைக்குமாறு கேட்டுப் பெற்றார். 1622இன் தொடக்கத்தில் குஸ்ரு புர்ஹான்பூரில் இறந்தார். வயிற்று நோய் என்றது தந்தைக்குச் சென்ற அறிக்கை; கொலை என்றனர் சமகாலத்தவர் பலர். அதே ஆண்டு குர்ரம் தாமே கலகம் செய்தார். 1626இல் அவர் மன்னிக்கப்பட்டபோது, பிணையாக அரசவைக்கு அனுப்பப்பட்டவர்கள் அவருடைய மகன்கள்: 11 வயது தாராவும் 7 வயது அவுரங்கசீப்பும். தந்தையின் குற்றத்திற்குப் பிள்ளைகள் ஈடு. அந்த இரு சிறுவர்களும் வளர்ந்த பின் நடந்ததை எல்லாரும் அறிவர்.

அரசர்களின் வீட்டில் தந்தையும் நீதிபதியும் ஒருவரே. நவீனச் சட்டம் அவ்விருவரையும் பிரித்தது. ஆயினும் பழைய கேள்வி சட்டப் புத்தகத்திற்குள்ளும் வந்தது: குற்றம் செய்தவரை மறைத்துவைக்கும் குடும்பத்தாரை என்ன செய்வது? பிரான்சின் குற்றவியல் சட்டம் பெற்றோர் உள்ளிட்ட நெருங்கிய உறவினருக்கு விலக்கு அளிக்கிறது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 212இல், கணவன் மனைவிக்கு மட்டுமே விலக்கு அளித்தது. தாய்க்கும் தந்தைக்கும் அளிக்கவில்லை. அதற்குப் பின்வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 249உம் அதையே தொடர்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது: சிறார் வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால், அவருடைய காப்பாளரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார், 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. இந்தச் சட்டங்கள் பெற்றோரின் பாசத்தை அறியாதவை அல்ல, அறிந்தே எழுதப்பட்டவை. பிள்ளைக்கு ஒரு தந்தை இருப்பதுபோல், எதிர்த்தரப்பில் இறந்துகிடப்பவருக்கும் யாரோ இருக்கிறார்கள் என்பதே அவற்றின் அடிப்படை.

ஒரு பிள்ளையின்மீது விழவேண்டிய அடியைப் பெற்றோர் தடுத்துவிடலாம். தடுக்கப்பட்ட அடி காற்றில் கரைந்துவிடுவதில்லை. தடுக்க ஆளற்ற ஒருவர்மீது அது விழுகிறது. சில நேரங்களில் அந்த ஒருவர் அதே குடும்பத்தின் அடுத்த குழந்தையாகவும் இருப்பார். அலகாபாத்தில், ஒருகாலத்தில் கலகக்காரச் சலீமின் அவை கூடிய கோட்டைக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், குஸ்ரு பாக் என்னும் தோட்டம் இருக்கிறது. அங்கே தாய் ஷா பேகத்தின் கல்லறையும் மகன் குஸ்ருவின் கல்லறையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அக்பரின் மன்னிப்பைப் பற்றி எழுதுவோர் சிக்கந்தராவோடு நின்றுவிடாமல் அந்தத் தோட்டத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.